கிட் ஸ்கிரிப்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறதா? ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றிய ஒரு தகவல் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒரு ஃபைல், தாலுகாவுக்கு ஒரு ஃபோல்டர்: மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி என்று. எல்லாம் கிட்டில், அதாவது ஃபைல்களில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியில், இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கடைசியாகத் திருத்திய நாள்’ வரவேண்டும். இதற்கு ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் யாரும் முதலில் எழுதுவது ஒன்றைத்தான்: ஃபைல் பட்டியலை எடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் அதைக் கடைசியாக மாற்றிய பதிவைக் காட்டும் ‘கிட் லாக் -1’ ஓட்டு, வந்த தேதியைப் பக்கத்தில் போடு. ஐம்பது ஃபைல் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும், “அண்ணே, பில்டைத் தட்டிவிட்டுட்டு பைபாஸ் ரோடு வரைக்கும் போயி டீ குடிச்சிட்டே வந்துரலாம்ணே” என்று டீமில் இருக்கும் தம்பிகள் கிண்டலடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கிட் மெதுவானது என்று பழியை அதன்மேல் போடுவது சுலபம். பெரும்பாலும் அது உண்மையில்லை. லினக்ஸ் கெர்னல் அளவுக்குப் பெரிய ரெப்போவுக்காக (ஃபைல்களும் அவற்றின் வரலாறும் சேர்ந்த கிடங்கு) 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவி அது. நாம் கேட்கும் விதத்தில்தான் கோளாறு. ஒரே கேள்வியை ஃபைலுக்கு ஒரு தடவை கேட்கிறோம். ஒரே தடவை கேட்டு எல்லாப் பதிலையும் வாங்கிக்கொள்ள அதற்குள்ளேயே வழி இருக்கிறது. மேலே சொன்ன ஸ்கிரிப்டையே கையில் வைத்துக்கொண்டு அந்த வழிகளை வரிசையாகப் பார்ப்போம். ஷெல்லும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் போதும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: அளந்து பாருங்கள்

ஸ்கிரிப்டுக்கு முன்னால் ‘டைம்’ போட்டு ஓட்டினால் மொத்த நேரம் தெரியும், எங்கே போனது என்று தெரியாது. அதற்கு ‘கிட்_டிரேஸ்2_பெர்ஃப்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஒரு ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கிட் 2.22 முதல் இது இருக்கிறது. ஓடிய ஒவ்வொரு கிட் கட்டளையும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அந்த ஃபைலில் வரிவரியாக எழுதிவிடும். அதில் ‘ஸ்டார்ட்’ என்று வரும் வரிகளை எண்ணுங்கள். எத்தனை கிட் புராசஸ் பிறந்து செத்தது என்பது அந்த எண்.

எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்து, ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்டில் முடிந்திருந்தால் வியாதி ஒரு வகை: கூப்பிடுவதே செலவு. எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நொடிக்கணக்கில் இழுக்கிறது என்றால் வியாதி வேறு: வரலாற்றில் நடக்கும் நடை நீளம். நம் தேதி ஸ்கிரிப்டுக்கு இரண்டும் உண்டு.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஓட்டத்தில் டிஸ்கிலிருந்து படிக்கும்; இரண்டாவது ஓட்டத்தில் அதே டேட்டா மெமரியில் இருக்கும். ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு ‘ஆகா, வேகமாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், பழைய ஸ்கிரிப்டையும் இரண்டாவது முறை ஓட்டிப் பாருங்கள். ஹைப்பர்ஃபைன் என்ற கருவியில் ‘--வார்ம்அப்’ கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஒவ்வொரு கூப்பிடலிலும் என்ன நடக்கிறது

‘கிட் லாக்’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் ஆபரேட்டிங் சிஸ்டம் புதிதாக ஒரு புராசஸை உருவாக்குகிறது. அது ‘.கிட்’ ஃபோல்டர் எங்கே என்று தேடுகிறது, சிஸ்டம், யூசர், ரெப்போ என்று மூன்று மட்டத்து கான்ஃபிக் ஃபைல்களைப் படிக்கிறது, ஹெட் (இப்போது நாம் நிற்கும் இடம்) எந்தக் கமிட்டை, அதாவது வரலாற்றின் எந்தப் பதிவைக் காட்டுகிறது என்று பார்க்கிறது, வரலாற்றைச் சுருக்கி வைத்திருக்கும் பேக் ஃபைல்களின் இன்டெக்ஸைத் திறக்கிறது. பதில் சொன்னதும் இது அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுச் செத்துப்போகிறது. அடுத்த ஃபைலுக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு முழம் மல்லிகைக்கு ஒவ்வொரு பூவாக வாங்க மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமாக அலைகிற கதைதான். ஒரு கூப்பிடலுக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 4000 ஃபைலுக்கு 20 நொடி. இன்னும் வேலையே தொடங்கவில்லை.

வேலை என்பது நடை. மேலூர் ஃபோல்டரில் அரிட்டாபட்டி ஃபைலைக் கடைசியாகத் தொட்டது மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால், கிட் ஹெட்டில் தொடங்கி ஒவ்வொரு கமிட்டாகப் பின்னோக்கிப் போய், ‘இந்தக் கமிட்டில் இந்த ஃபைல் மாறியதா, மாறியதா’ என்று மூன்று வருடத்தையும் கடந்தாக வேண்டும். ஃபைலுக்கு எந்தக் கமிட் என்று தனி அட்டவணை எதையும் கிட் வைத்திருப்பதில்லை. கமிட் ஒவ்வொன்றும் முழு மரத்தின், அதாவது ஃபோல்டர்களும் ஃபைல்களுமான அடுக்கின் ஒரு படம், அவ்வளவுதான். அடுத்த ஃபைலுக்கும் அதே பாதையில் அதே நடை. ஃபைல்களின் எண்ணிக்கையைக் கமிட்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறோம். ஸ்கிரிப்ட் நொண்டுவது இங்கேதான்.

இரண்டாம் படி: ஒரே நடையில் எல்லாத் தேதியும்

நடையைத் திருப்பிப் போடுங்கள். ஃபைலை வைத்துக்கொண்டு கமிட்டைத் தேடாமல், கமிட்களை ஒரே ஒரு தடவை புதியதிலிருந்து பழையதுவரை ஓட்டி, ஒவ்வொன்றிலும் மாறிய ஃபைல் பெயர்களை வாங்குங்கள்:

கிட் -சி கோர்.குவோட்பாத்=ஃபால்ஸ் லாக் --நோ-ரீநேம்ஸ் --நேம்-ஒன்லி --ஃபார்மேட்=%எக்ஸ்09%சிடி ஹெட்

%சிடி என்பது கமிட் செய்த நேரம், யூனிக்ஸ் நொடிக் கணக்கில். அதற்கு முன்னால் இருக்கும் %எக்ஸ்09 ஒரு டேப். வெளியே வருவது இப்படி இருக்கும்:

	1718000000

மேலூர்/அரிட்டாபட்டி.எம்டி
மேலூர்/கொட்டாம்பட்டி.எம்டி
	1717900000

பேரையூர்/எழுமலை.எம்டி

டேபில் தொடங்கும் வரி தேதி. காலி வரியைத் தள்ளிவிடுங்கள். மற்றதெல்லாம் ஃபைல் பெயர். டேபில் தொடங்கும் ஃபைல் பெயர் இருந்தால் குழம்பாதா என்று கேட்பீர்கள். அப்படிப்பட்ட பெயரைக் கிட் மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் அச்சடிக்கும், அதனால் குழம்பாது. ஒரு ஃபைல் பெயர் முதல் முறை கண்ணில் படும்போது எந்தத் தேதிக்குக் கீழே இருக்கிறதோ, அதுதான் கடைசியாகத் திருத்திய நாள். மறுபடி வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். பைத்தானில் ஒரு டிக்ஷனரி, ஆக்கில் ஒரு அரே. பத்து வரியைத் தாண்டாது.

இன்னும் கொஞ்சம் கறக்கலாம். ‘கிட் எல்எஸ்-ட்ரீ -ஆர் -இசட் --நேம்-ஒன்லி ஹெட்’ கொடுத்து இப்போது உயிரோடு இருக்கும் ஃபைல்களின் பட்டியலை முதலில் வாங்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி கிடைக்கக் கிடைக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியல் காலியானதும் பைப்பை மூடிவிட்டால் அந்தப் பக்கம் கிட்டும் நின்றுவிடும். மிச்ச வரலாற்றை நடக்க வேண்டிய அவசியமில்லை. ரெப்போ பிறந்த அன்று போட்டுவிட்டு யாரும் தொடாத ஒரு லைசென்ஸ் ஃபைல் இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது, அந்த ஒன்றுக்காகக் கடைசிவரை போகும். கிராம ஃபைல்கள் மட்டும் போதும் என்றால் அவற்றை மட்டும் பட்டியலில் வையுங்கள். நீக்கப்பட்ட பழைய ஃபைல்கள் தேதிப் பட்டியலில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும்.

2025 நவம்பரில் வந்த கிட் 2.52-இல் ‘கிட் லாஸ்ட்-மாடிஃபைட்’ என்று இதற்கென்றே ஒரு கட்டளை வந்திருக்கிறது, சோதனை முயற்சி என்ற முத்திரையோடு. உங்கள் சர்வரில் அந்தப் பதிப்பு இருந்தால் முயன்று பாருங்கள். நம் ஊர் ஆபீஸ் சர்வர்களில் கிட் பதிப்பு எந்தக் காலத்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். அதனால் மேலே சொன்ன வழியும் கையில் இருக்கட்டும்.

மெர்ஜ் விஷயத்தில் பதில் மாறும்

ஒரே நடைக்கும் ஃபைலுக்கு ஒரு நடைக்கும் பதில் எப்போதும் ஒன்றாக இருக்காது. ‘கிட் லாக்’ சாதாரணமாக மெர்ஜ் கமிட்டில் (ஒரு பிராஞ்சை, அதாவது தனிக் கிளையை, இன்னொன்றோடு சேர்த்த பதிவு) என்ன மாறியது என்று காட்டாது. மெர்ஜ் செய்யும்போது மட்டும் யாரோ கைவைத்துத் திருத்தியிருந்தால் அது நம் பட்டியலில் வராது. மறுபக்கம், ஒரு பிராஞ்சில் செய்த மாற்றம் மெர்ஜில் தூக்கியெறியப்பட்டிருந்தாலும் ஒரே நடையில் அது கணக்கில் வந்துவிடும். பாதை கொடுத்துக் கேட்கும்போது கிட் அந்தக் கிளையை ஒதுக்கிவிடுகிறது. என் விருப்பம், ‘--ஃபர்ஸ்ட்-பேரன்ட்’, ‘--டிஃப்-மெர்ஜஸ்=ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது. அப்போது கிடைப்பது ‘மெயின் பிராஞ்சுக்கு இந்த மாற்றம் எப்போது வந்தது’ என்ற தேதி. வாசகருக்கு அதுதான் பொருத்தம். நடையும் குறைகிறது.

மூன்றாம் படி: தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு கவனிப்பு

ஃபைல் பெயர்களைத் தமிழில் வைப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதில் மாட்டுவார்கள். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ ஓட்டினால் மேலூருக்குப் பதிலாக "\340\256\256\340\257\207… என்று எண்களாகக் கொட்டும். ‘ம’ யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். அவைதான் முதல் மூன்று எண்கள், எட்டடிமான எண்முறையில். அடுத்த மூன்றும் ஏகாரக் குறி. ஆங்கில எழுத்துக்கு அப்பால் இருப்பதை எல்லாம் இப்படி எழுதுவது கிட்டின் இயல்பு. இதை அப்படியே எடுத்து ‘கிட் லாக்’குக்கு ‘--’ போட்டு அதன் பின்னால் கொடுத்தால் அப்படி ஒரு ஃபைலே இல்லை. எரர் கூட வராது, காலிப் பதில்தான் வரும். பக்கத்தில் தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டு தீர்வு. எங்கெல்லாம் ‘-இசட்’ உண்டோ அங்கெல்லாம் அதைக் கொடுங்கள். பெயர்கள் உள்ளபடியே வரும், இடையில் வரி முறிவுக்குப் பதிலாகப் பூஜ்ஜிய பைட் இருக்கும். பெயருக்குள் இடைவெளி இருந்தாலும் உடையாது. வரிவரியாகப் படிக்கத்தான் வசதி என்றால், மேலே செய்ததுபோல் குவோட்பாத்தை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. கொட்டாம்பட்டியில் வரும் ‘ொ’ என்ற குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் பார்க்க இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும், பைட்கள் வேறு. ஒருவர் மேக்கிலிருந்தும் இன்னொருவர் விண்டோஸிலிருந்தும் சேர்க்கும் ரெப்போவில் இது நடக்க வாய்ப்பு உண்டு. டிக்ஷனரியில் தேடினால் கிடைக்காது. ஒப்பிடுவதற்கு முன்னால் இரு பக்கத்தையும் பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்’ கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆனால் கிட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது அது கொடுத்த பைட்களையே கொடுங்கள்.

நான்காம் படி: உள்ளடக்கம் வேண்டுமா? ஒரே புராசஸைத் திறந்து வையுங்கள்

தேதி தீர்ந்தது. சில ஸ்கிரிப்ட்கள் ஒவ்வொரு ஃபைலின் பழைய வடிவத்தையும் படிக்க வேண்டும். அங்கே எல்லாரும் ‘கிட் ஷோ’வை லூப்பில் போடுகிறார்கள். அதற்குப் பதில் ‘கிட் கேட்-ஃபைல் --பேட்ச்’. இது ஒரு தடவை தொடங்கி உயிரோடு காத்திருக்கும். ‘ஹெட்:மேலூர்/அரிட்டாபட்டி.எம்டி’ என்று ஒரு வரி எழுதினால், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்), வகை, அளவு மூன்றையும் ஒரு வரியில் சொல்லி, அடுத்து உள்ளடக்கத்தைக் கொட்டி, ஒரு வரி முறிவோடு நிறுத்தும். அளவைப் படித்துவிட்டு அத்தனை பைட் மட்டும் வாசியுங்கள். பொருள் இல்லையென்றால் ‘மிஸ்ஸிங்’ என்று முடியும் வரி வரும், அதையும் கவனித்துக் கொள்ளுங்கள். உள்ளடக்கம் வேண்டாம், அளவு மட்டும் போதும் என்றால் ‘--பேட்ச்-செக்’.

இதில் ஸ்கிரிப்ட் உறைந்துபோகும் இடங்கள் இரண்டு. ஆயிரம் கேள்விகளை எழுதிக்கொண்டே போய், பதிலைப் படிக்காமல் இருந்தால் பதில் பைப் நிறைந்துவிடும். லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 64 கிலோபைட்தான் தாங்கும். கிட் எழுத முடியாமல் நிற்கும், கேள்வி பைப்பும் நிறைந்து நீங்களும் நிற்பீர்கள். ஒன்று கேட்டு ஒன்று படியுங்கள், இல்லையென்றால் கேட்பதற்கு ஒரு திரெட், படிப்பதற்கு ஒரு திரெட் என்று பிரியுங்கள். இரண்டாவது, ‘--பஃபர்’ என்ற ஆப்ஷன். பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பும்போது அது நல்ல வேகம் தரும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று கேட்டுப் படிக்கும் முறையில் அதைப் போட்டால் பதில் பஃபரிலேயே தங்கிவிடும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். 2.36-இல் வந்த ‘--பேட்ச்-கமாண்ட்’டில் ‘ஃபிளஷ்’ என்று எழுதி வேண்டியபோது வெளியே தள்ளச் சொல்லலாம்.

பைத்தான்காரர்களுக்கு: பைகிட்2 என்பது லிப்கிட்2 நூலகத்தை நேரடியாக அழைப்பது, புராசஸ் செலவே கிடையாது. கிட்பைத்தான் உள்ளுக்குள் பெரும்பாலும் கிட் கட்டளையைத்தான் கூப்பிடுகிறது. அதை லூப்பில் போட்டால் ஷெல்லில் செய்த அதே தப்பு வேறு சட்டை போட்டு வரும்.

பிராஞ்ச் பட்டியல்

‘எந்த பிராஞ்ச் எவ்வளவு பழையது, யார் கடைசியாகத் தொட்டது’ என்ற அறிக்கைக்கு பிராஞ்சுக்கு ஒரு ‘கிட் லாக்’ தேவையே இல்லை. ‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ ஒரே கூப்பிடலில் பெயர், தேதி, ஆசிரியர் எல்லாம் தரும், ‘--சார்ட்=-கமிட்டர்டேட்’ என்றால் வரிசைப்படுத்தியும் தரும். மெயினிலிருந்து எத்தனை கமிட் முன்னே, எத்தனை பின்னே என்பதற்கு 2.41 முதல் ‘%(அஹெட்-பிஹைண்ட்:மெயின்)’ இருக்கிறது. நூற்றுக்கணக்கில் பிராஞ்ச் வைத்திருக்கும் டீம்களுக்கு இது ஒன்றே போதும்.

ஐந்தாம் படி: ரெப்போவையும் தயார் செய்யுங்கள்

ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகுதான் இது. வரிசையை மாற்றினால் கெட்ட ஸ்கிரிப்ட் கொஞ்சம் வேகமாக ஓடும், அப்புறம் யாரும் அதைத் திருத்த மாட்டார்கள்.

கிட் கமிட்-கிராஃப் ரைட் --ரீச்சபிள் --சேஞ்ச்டு-பாத்ஸ்

கமிட்-கிராஃப் என்பது கமிட்களின் பெற்றோர், மரம், தேதி, தலைமுறை எண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடுக்கி வைப்பது. நடக்கும்போது ஒவ்வொரு கமிட்டையும் பேக்கிலிருந்து எடுத்து விரித்துப் பார்க்கத் தேவையில்லை. 2.18-இல் வந்தது. ‘--சேஞ்ச்டு-பாத்ஸ்’ 2020-இல் 2.27-இல் சேர்ந்தது. அது ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு புளூம் ஃபில்டரை எழுதும்: ‘இந்த ஃபைல் இந்தக் கமிட்டில் நிச்சயம் மாறவில்லை’ அல்லது ‘மாறியிருக்கலாம்’ என்ற இரண்டில் ஒரு பதில். ‘நிச்சயம் இல்லை’ என்றால் மரங்களை ஒப்பிடாமலே தாண்டிவிடும். ஒரே ஒரு ஃபைலின் வரலாற்றைக் கேட்கும் கேள்விகளுக்கு இது அருமையான மருந்து. நம் ஒரே நடை ஸ்கிரிப்டுக்கு ஃபில்டரால் பெரிய லாபமில்லை, அது எல்லா ஃபைலையும்தானே கேட்கிறது. ஒரே கமிட்டில் 512-க்கு மேல் பாதைகள் மாறியிருந்தால் அதற்கு ஃபில்டர் பயன்படாது. முதல் முறை எழுத நேரமெடுக்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்தடுத்து எழுதும்போது கிட்டே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இதை எல்லாம் கையால் செய்துகொண்டிருக்க வேண்டாம் என்றால் ‘கிட் மெயின்டனன்ஸ் ஸ்டார்ட்’ கொடுங்கள். கமிட்-கிராஃபும் பேக் ஒழுங்கும் பின்னணியில் நேரத்துக்கு நடக்கும்.

சிஐ சர்வரில் மட்டும் சொதப்புகிறதா?

உங்கள் மெஷினில் தேதிகள் சரி, சிஐ சர்வரில் (மாற்றம் வந்ததும் தானாக பில்டு செய்யும் சர்வர்) பில்டு ஆன தளத்தில் எல்லா ஊருக்கும் ஒரே தேதி. காரணம் ஷாலோ குளோன், அதாவது வரலாற்றின் நுனியை மட்டும் இறக்கிய நகல். கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட் ஒரே ஒரு கமிட்டைத்தான் இயல்பாக இறக்கும். வரலாறு இல்லாத இடத்தில் எல்லா ஃபைலும் அந்த ஒரு கமிட்டில் பிறந்ததாகத் தெரியும். ஷாலோ ரெப்போவில் கமிட்-கிராஃபும் வேலை செய்யாது. ஃபெட்ச்-டெப்த்தைப் பூஜ்ஜியமாக்கினால் முழு வரலாறும் வரும். இறக்கும் அளவு உறுத்தினால் ‘--ஃபில்டர்=பிளாப்:நன்’ கொடுத்து, வரலாறும் மரங்களும் மட்டும் இறக்குங்கள், ஃபைல் உள்ளடக்கம் வேண்டாம்.

அப்படி இறக்கிய ரெப்போவில்தான் நாம் போட்ட ‘--நோ-ரீநேம்ஸ்’ காப்பாற்றும். பெயர் மாற்றத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ஃபைல்களின் உள்ளடக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கிட் பார்க்கும். உள்ளடக்கம் கையில் இல்லையே, உடனே நெட்வொர்க்கில் சர்வரிடம் கேட்கப் போய்விடும். பெயர் மாற்றத்தைத் தேடுவது 2.9 முதல் இயல்பாகவே இயங்குவதால், நீங்கள் கேட்காமலே இது நடக்கும்.

ஆறாம் படி: நேற்றைய வேலையை இன்று செய்யாதீர்கள்

கிட்டில் ஒரு ஹாஷின் உள்ளடக்கம் என்றைக்கும் மாறாது. அதனால் ஹாஷைச் சாவியாக வைத்துச் சேமித்த பதில் பழசாகாது. ‘கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்:மேலூர்’ கொடுத்தால் மேலூர் ஃபோல்டரின் மர ஹாஷ் வரும். நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் ஒன்று என்றால் அந்தத் தாலுகாவில் எந்த ஃபைலின் உள்ளடக்கமும் மாறவில்லை. அந்தப் பக்கங்களை மறுபடி உருவாக்க வேண்டாம்.

தேதிப் பட்டியலுக்கும் இதே வழி. கடைசியாக ஓட்டியபோது ஹெட் எதுவோ அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை பழைய ஹாஷிலிருந்து புதிய ஹெட்வரை மட்டும் நடந்தால் போதும். யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்து வரலாற்றை மாற்றியிருக்கலாம். எனவே முதலில் ‘கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர்’ கொண்டு பழைய ஹாஷ் புதியதன் மூதாதைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் சேமித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு நடை. கேஷ் எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

விண்டோஸ், சப்வெர்ஷன், மெர்க்குரியல்

விண்டோஸில் புராசஸ் உருவாக்குவது லினக்ஸைவிடச் செலவு அதிகம். கிட் பாஷ் ஷெல்லில் ஒவ்வொரு பைப்பும் ஒவ்வொரு டாலர் அடைப்பும் அந்தச் செலவைக் கூட்டும். அங்கே ஷெல் லூப்பைப் பைத்தானுக்கு மாற்றினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ இழுக்கிறது என்றால் 2.37 முதல் ‘கோர்.எஃப்எஸ்மானிட்டர்’ஐ ட்ரூ ஆக்கிப் பாருங்கள், மேக்கிலும் உண்டு. பின்னணியில் அடிக்கடி ஸ்டேட்டஸ் கேட்கும் ஸ்கிரிப்டுக்கு ‘--நோ-ஆப்ஷனல்-லாக்ஸ்’ கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கமிட் செய்யும் நேரம் பார்த்து அது இன்டெக்ஸைப் பூட்டிக்கொண்டு நிற்கும்.

கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷனில் ‘லாக்’ என்பது சர்வருக்குப் போய்வரும் பயணம். ஃபைலுக்கு ஒன்று என்று கேட்டால் நெட்வொர்க் தாமதம் அத்தனை மடங்கு. ‘--எக்ஸ்எம்எல் -வி’ கொடுத்து ஒரே தடவையில் வாங்கி உள்ளே பிரித்துக்கொள்ளுங்கள். இதே வகைக் கருவியான மெர்க்குரியல் பெரும்பாலும் பைத்தானில் எழுதியது என்பதால் ஒவ்வொரு கட்டளையும் தொடங்கவே நேரமெடுக்கும். அதற்கென்று கமாண்ட் சர்வர் இருக்கிறது, ‘ஹெச்ஜி சர்வ் --சிஎம்டிசர்வர் பைப்’.

எதை மாற்றினாலும் பழைய ஸ்கிரிப்டை உடனே அழிக்காதீர்கள். பழையதன் வெளியீட்டையும் புதியதன் வெளியீட்டையும் வரிசைப்படுத்தி ‘டிஃப்’ போட்டுப் பாருங்கள். மெர்ஜ் காரணமாகச் சில தேதிகள் வேறுபடும், அவை ஒவ்வொன்றையும் திறந்து எது சரி என்று முடிவு செய்யுங்கள். தேதியே இல்லாமல் ஒரு ஊர் நின்றால், அந்தப் பெயரில் ‘ொ’வோ ‘ோ’வோ ‘ௌ’வோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.